ஒரு செமஸ்டர் நார்வே போக சான்ஸ் வந்திருக்கு, போகவா வேணாமா? நம்ம ராம்நாடு கடக்கரைல இருந்து யாராச்சும் போயிருக்கீங்களா

பாசிக்காரி மகள்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஏர்வாடி பக்கம், எம்.எஸ்சி கடல் உயிரியல் முதல் வருஷம் படிக்கிறேன். எங்க காலேஜ்ல எக்ஸ்சேஞ்ச்ல ரெண்டு பேரை நார்வேக்கு ஒரு செமஸ்டர் அனுப்புறாங்க, ட்ரோம்சோன்னு ஊரு, ஜனவரில போய்ட்டு ஜூன்ல திரும்பணும். அதுல நான் ஒருத்தி. லெட்டர் வந்து பத்து நாள் ஆச்சு, இந்த மாசம் 30ஆம் தேதிக்குள்ள வர்றேனா இல்லையான்னு சொல்லணும்.

அங்க படிப்புக்கு ஃபீஸ் கிடையாது, நம்ம காலேஜ்ல கட்டுறதைக் கட்டுனா போதும்னு சொல்றாங்க. தங்குறது, சாப்பாடு, டிக்கெட் எல்லாம் நம்ம பொறுப்பு. உதவித்தொகை உண்டு, எம்புட்டுன்னு தெளிவா சொல்ல மாட்றாங்க. விசாவுக்கு பேங்க்ல காசு காட்டணுமாம், கணக்குப் போட்டா ஆறு லட்சத்துக்கு மேல வருது. எங்க அப்பா இல்ல. அம்மா தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போறாக, மாசத்துல பன்னெண்டு நாள்தான் கடல்ல இறங்குவாக, ஏப்ரல் பிறந்தா அதையும் நிறுத்திருவாக. அண்ணன் கத்தார்ல இருக்கான், அவன் நீ போ நான் பாத்துக்குறேன்ங்கிறான். அம்மா போன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. ராத்திரி பாய் விரிக்கிறப்ப "அங்கிட்டு நீ சந்தோசமா இருப்பியாடி"ன்னு மட்டும் கேட்டாக, எனக்குப் பதில் தெரியல.

யூடியூப்ல தேடுனா பச்சை வானம் ஆடுறதும் பனிமலையும்தான் வருது. அங்க போய் அஞ்சு மாசம் சோறாக்கி, படிச்சு, பரீட்சை எழுதி வந்த நம்மூர் பிள்ளைக யாராச்சும் இருந்தா உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. நான் வெளியூர்ல தங்குனதே காலேஜ் ஹாஸ்டல் ஒண்ணுதான், அங்கேயே முதல் மாசம் டெய்லி அழுதவ நான். அதான் யோசனையா இருக்கு.


கீழக்கரை காக்கா:

வாழ்த்துக்கள்மா. நான் நார்வே போகல, ஆனா ஒரு செமஸ்டர் மலேசியாவுல படிச்சேன், திரெங்கானுல, கடல் படிப்புக்குன்னே உள்ள யுனிவர்சிட்டி. செலவு நீ சொல்றதுல பாதி கூட வராது. நேரமும் ரெண்டரை மணிதான் வித்தியாசம், உம்மா மத்தியானம் லுஹர் தொழுதுட்டு போன் போடுவாங்க, எனக்கு நாலு மணி ஆயிருக்கும். மீனும் சோறும்தான் அங்கயும், தேங்காப்பால்ல சோறு ஆக்கி மீன் ஆணத்தோட குடுப்பாங்க, சாப்பாட்டுக்கு நான் ஒரு நாளும் கஷ்டப்படல.

ஆனா ஒரு குறை மனசுல இருக்கு, அதைச் சொல்லணும். எங்களோட இந்தியாவுல இருந்து வந்த பசங்க ஏழு பேரு, ஏழு பேரும் ஒரே வீட்டுல தங்கி ஒண்ணா ஆக்கி ஒண்ணா கிளாஸ் போய் ஒண்ணாவே திரும்பி வந்துட்டோம். அஞ்சு மாசத்துல ஒரு மலாய் வீட்டுக்குள்ள நான் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் நோன்பு தொறக்கக் கூப்பிட்டாங்கன்னு. அன்னைக்கு அந்த வீட்டுல வாப்பா கடல்காரரு, நவம்பர் டிசம்பர்ல வாடை அடிக்கிறப்ப அவங்க கடலுக்குப் போறது இல்லையாம், வலை பின்றதும் படகைச் சரி பாக்குறதும்தானாம், அவர் பேசப் பேச எனக்கு நம்மூர் மாதிரியே இருந்துச்சு. இதை முதல் மாசமே செஞ்சிருக்கலாமேன்னு திரும்பி வர்ற ஃப்ளைட்ல நெனச்சேன். எங்க போனாலும் நம்மாளுகளோட மட்டும் இருந்துராத.


தெக்குக்கடல்:

தங்கச்சி, நான் போய்ட்டு வந்தவ. அதே ஊரு, அதே ஜனவரி டு ஜூன், 2023ல. சொந்த ஊரு தங்கச்சிமடம், அப்பா நாட்டுப்படகு. யாராச்சும் நல்லா இருந்துச்சான்னு கேட்டா நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு நகந்துருவேன், ஏன்னா முழுசா சொல்ல ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் ஆகும். நீ கேட்டுட்ட, அதனால சொல்றேன், நீளமா இருக்கும்.

முதல்ல இருட்டு. ட்ரோம்சோ ஏறக்குறைய 70 டிகிரி வடக்குல இருக்கு, நவம்பர் கடைசில இறங்குன சூரியன் ஜனவரி பாதி தாண்டித்தான் எட்டிப் பாக்கும். நான் போய் இறங்குனது ஜனவரி 5. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வானம் எப்படி இருக்கும்னா, நம்மூர்ல விடியக்காலம் அஞ்சரைக்கு ஒரு நீலம் இருக்குமே அது, அதுவும் ரெண்டு மூணு மணி நேரம்தான், அப்புறம் திரும்ப ராத்திரி. அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா உடம்புக்கு அது வெளங்காது. நாலாவது நாள்ல இருந்து பகல்ல கண்ணு சொருகும், ராத்திரி படுத்தா தூக்கம் வராது, பசி நேரம் கெட்டுப்போச்சு, ரூம்ல இருந்து கிளாஸுக்குக் கிளம்புறதே பெரிய வேலையா இருந்துச்சு. அங்க நெறைய பேரு காலைல ஒரு ஸ்பூன் மீன் எண்ணெய் குடிக்கிறாங்க, நீயும் குடி, வெக்கப்படாத. குளிரு நான் பயந்த அளவுக்கு இல்ல, அந்தக் கரைக்கு வெதுவெதுப்பான நீரோட்டம் வர்றதால பெரும்பாலும் மைனஸ் அஞ்சு, மிஞ்சிப் போனா மைனஸ் பத்து, பதினஞ்சு. வழுக்குறதுதான் ஆபத்து. ரோடு பூரா கண்ணாடி மாதிரி ஐஸ், ஷூவுக்கு அடில மாட்டிக்கிற ஆணிப்பட்டை விப்பாங்க, அதை இறங்குன அன்னைக்கே வாங்கு. நான் வாங்காம ரெண்டாம் நாளே விழுந்து மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் சோறு வடிக்க முடியல.

ஜனவரி 21ஆம் தேதியை அங்க சூரியன் வர்ற நாள்னு வச்சிருக்காங்க, எண்ணெய்ல பொரிச்ச பன்னுக்குள்ள ஜாம் வச்சு வித்துக்கிட்டு இருப்பாங்க, ஊரே வாங்கித் திங்கும். அன்னைக்கு சனிக்கிழமை. எங்க தளத்துல இருந்த பிள்ளைகளோட நானும் மேட்டுல ஏறிப் போனேன். மலை இடுக்குல கொஞ்ச நேரம் வெளிச்சம் விழுந்துச்சு, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு மூஞ்சியை அதுக்கு நேரா காமிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, ஒருத்தரும் பேசல. நம்மூர்ல ஓலைப் பந்தலைத் தேடி ஒதுங்குற வெயிலு. நான் அப்பாவுக்கு வீடியோ கால்ல காமிச்சேன், அவரு "இம்புட்டுத்தானாத்தா"ன்னாரு.

அப்பாவோட பேசுனதுதான் என்னை அந்த ரெண்டு மாசம் புடிச்சு வச்சுச்சு. நமக்கும் அங்கிட்டுக்கும் குளிர்காலத்துல நாலரை மணி நேரம் வித்தியாசம். அப்பா ரெண்டு மணிக்கு கடலுக்குக் கிளம்புறப்ப எனக்கு ராத்திரி ஒம்பதரை. வலையை ஏத்திக்கிட்டே போனைத் தோள்ல இடுக்கிப் பேசுவாரு, இஞ்சினை இழுக்குற சத்தம் கேட்டா வச்சிருவாரு. மார்ச் கடைசில அங்க கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளுறாங்க, அதுக்கப்புறம் பத்தரை ஆயிருச்சு. நீயும் அம்மாவுக்கு ஒரு நேரம் வச்சுக்க, ஒரே நேரமா இருக்கட்டும்.

அடுத்தது ஆளுக. கெட்டவங்க கிடையாது, ஆனா தானா வந்து பேச மாட்டாங்க. பஸ்ல பக்கத்து சீட் காலியா இருந்தாலும் நின்னுக்கிட்டே வருவாங்க. எனக்கு முதல் ஒன்றரை மாசம் கிளாஸ்ல ஹாய்ங்கிற ஒரு வார்த்தைதான், நம்மளைப் பிடிக்கலையோ, நம்ம இங்கிலீஷ் சரியில்லையோன்னு நெனச்சு நெனச்சு நான் இன்னும் ஒதுங்கிட்டேன், அது என் தப்பு. ஃபிப்ரவரில ஒரு லேப். காட் மீனோட தலையைத் திறந்து காதுக்கல்லை எடுக்கணும், மரத்துல வளையம் எண்ணுற மாதிரி அதுல வளையத்தை எண்ணித்தான் மீனுக்கு வயசு சொல்லுவாங்க. நம்ம கத்தாழை மீன் தலையில வெள்ளையா கல்லு இருக்கும்ல, சின்னப் பிள்ளைல பொறுக்கி வச்சு வெளையாடுவோமே, அதேதான். மத்த பிள்ளைக கத்தியை எங்க வைக்கிறதுன்னு புத்தகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப நான் செவுளுக்குப் பின்னாடி பெருவிரலைக் குடுத்து ஒரே வெட்டுல திறந்து ரெண்டு கல்லையும் எடுத்து வச்சேன். எங்க அம்மாச்சி பக்கத்துல உக்காந்து பழகுன கை. வாத்தியாரம்மா, அங்க எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும், அவங்க என்கிட்ட வந்து இதை எல்லாருக்கும் காட்டுறியான்னு கேட்டாங்க. அன்னைக்கு சாயங்காலம்தான் முதல் தடவையா ஒருத்தி எங்களோட சாப்பிட வர்றியான்னு கேட்டா.

அந்தப் பொண்ணு லோஃபோடன் தீவுக்காரி, அவ வீட்டுலயும் கடல் தொழில்தான். அவ ரூம்ல ஒரு நாள் உப்பே போடாத கருவாட்டை சுத்தியலால தட்டி நார் நாரா பிச்சு வாயில போட்டுக்கிட்டே படிக்கிறா. அங்க ஃபிப்ரவரில இருந்து மே வரைக்கும் காட் மீனை ஜோடி ஜோடியா வாலைக் கட்டி மரச்சட்டத்துல தொங்க விட்டுருவாங்க, உப்பு கிடையாது, காத்தும் குளிரும் மட்டும்தான். நம்மூர்ல உப்பு போடாம போட்டா சாயங்காலத்துக்குள்ள நாறிரும். நான் ஊருக்கு வர்றப்ப ஒரு மீன் கொண்டாந்தேன். அப்பா வாங்கி மோந்து பாத்துட்டு விரலை மடக்கித் தட்டிப் பாத்தாரு, வெறகு சத்தம். அம்மா ஆறு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊற வச்சு மாங்கா போட்டு கொழம்பு வச்சாக, சதை வந்துச்சு ஆனா நம்ம கருவாட்டு வாசம் வரல, அப்பா ரெண்டு துண்டுக்கு மேல சாப்பிடல.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. மார்ச்ல எங்களை மீன் இறக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு தாத்தா, சின்னப் படகு, தனியா போய் மீன் கொண்டாந்திருக்காரு. எடை போட்டாங்க, சீட்டு வந்துச்சு, யாரும் கத்தல, ஏலம் இல்ல. விலையை யாரு சொல்றதுன்னு நான் கேட்டேன். எங்க சங்கம்னாரு. நார்வேல 1938ல சட்டம் போட்டிருக்காங்க, பிடிச்ச மீனோட முதல் விற்பனை மீனவர்களோட விற்பனைச் சங்கம் வழியாத்தான் போகணும், சங்கம் கொறஞ்சபட்ச விலையை அறிவிக்கும், அதுக்குக் கீழ எந்தக் கம்பெனியும் வாங்க முடியாது. வடக்குக் கரைக்கு உள்ள அந்தச் சங்கத்துக்கு தலைமை ஆபீசே ட்ரோம்சோலதான் இருக்கு, நான் டெய்லி பஸ்ல போற ஊருல. நான் அந்த எடத்துல அப்படியே நின்னுட்டேன். எங்க அப்பா ஒரு வியாபாரிகிட்ட வலைக்கும் இஞ்சினுக்கும் அட்வான்ஸ் வாங்குனவரு, அதனால மீனை அவருக்குத்தான் போடணும், அவரு சொன்னதுதான் விலை, சீலா மீன் நல்ல விலைக்குப் போற நாள்லயும் அப்பாவுக்கு அதுல ஒரு பங்கு கொறைச்சுத்தான் வரும். இருவத்திரெண்டு வருஷமா அது மழை வெயில் மாதிரி இயற்கையா நடக்குறதுன்னு நெனச்சிருந்தேன். அது ஆளுக பண்ணுன ஏற்பாடு, ஆளுக வேற மாதிரியும் பண்ணலாம்னு அந்தத் துறைல நின்னப்பதான் புரிஞ்சுச்சு.

அதே மாதிரி இன்னொண்ணு. எங்க மாமா விசைப்படகுல வடகடல், அதான் இலங்கைப் பக்கம் உள்ள பாக் கடல் போறவரு, இலங்கை நேவி படகைப் பிடிச்சுட்டாங்கன்னு ஊர்ல இருந்து மெசேஜ் வந்தா எனக்கு கை நடுங்கும், அங்க கிளாஸ்ல அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு வார்த்தை இருக்காது. பாடத்துல வருது, நார்வேக்கு வடக்க உள்ள பேரன்ட்ஸ் கடல்ல காட் மீனை நார்வேயும் ரஷ்யாவும் பங்கு போட்டுக்கிறாங்க, வருஷா வருஷம் ரெண்டு நாட்டு அதிகாரிகளும் உக்காந்து இந்த வருஷம் இத்தனை டன்னுன்னு முடிவு பண்றாங்க, 1976ல இருந்து, சோவியத் காலத்துல இருந்தே. அதே 1976லதான் இந்தியாவும் இலங்கையும் ரெண்டாவது கடல் எல்லை ஒப்பந்தம் போட்டாங்க. கோடு மட்டும் போட்டாங்க, வருஷா வருஷம் மீனை இத்தனை டன்னுன்னு சேந்து உக்காந்து பங்கு போட அப்படி ஒரு ஏற்பாடு இன்னைக்கு வரைக்கும் நமக்கு இல்ல. நம்ம கடல் வேற, படகு எண்ணிக்கை வேற, அங்கிட்டு உள்ளதை அப்படியே இங்கிட்டு தூக்கி வைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் டேர்ம் பேப்பர் இதைத்தான் எழுதினேன், பி கிரேடு வந்துச்சு, என் வாழ்க்கைல நான் மனசு வச்சு எழுதுன ஒரே பேப்பர் அது.

இப்ப கசப்பு. காசு முதல்ல. நான் போனப்ப பேங்க்ல காட்ட வேண்டியது கம்மி, இப்ப மாசத்துக்கு 15 ஆயிரம் க்ரோனருக்கு மேல கேக்குறாங்க, உன் கணக்கு சரிதான். ரூமுக்கே அஞ்சாயிரத்துக்குப் பக்கம் போயிரும். எனக்கு ஒத்துக்கிட்ட உதவித்தொகை ஜனவரில வரும்னாங்க, மார்ச் கடைசிலதான் வந்துச்சு, அதுவரைக்கும் நான் ஓட்ஸும் முட்டையும் தின்னுதான் ஓட்டுனேன், மீன் இறக்குற எடத்துல கேட்டு ரெண்டு தலை வாங்கிட்டு வந்து புளி ஊத்தி கொழம்பு வச்ச அன்னைக்கு அழுதுட்டேன். அம்மா தோடு அடகுல இருந்து திரும்பி வர ஒரு வருஷம் ஆச்சு.

அதைவிட பெரிய அடி கிரெடிட், அதான் அங்க எழுதுன பாடத்தை இங்க கணக்குல ஏத்துக்கிறது. அங்க மூணு பாடம் எழுதி மூணும் பாஸ். நம்ம காலேஜுக்கு வந்தா ரெண்டு பாடம் சிலபஸோட ஒத்து வரலன்னு சொல்லிட்டாங்க. போறதுக்கு முன்னாடி எல்லாம் பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு வாயால சொன்னவங்க, வந்தப்புறம் பேப்பர்ல இருக்கான்னு கேட்டாங்க. இல்ல. ஜூனியர்ஸோட உக்காந்து ரெண்டு பேப்பரை அரியர் மாதிரி எழுதினேன், மார்க் ஷீட்லயும் அப்படித்தான் வந்துச்சு, ஒரு இண்டர்வியூல அதைக் கேட்டாங்க. இன்னைக்கும் நெனச்சா வயிறு எரியும். அதனால நீ போறதா இருந்தா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, அங்க எந்தப் பாடம் இங்க எந்தப் பாடத்துக்கு சமம்னு பாடத்தோட கோட் நம்பர் போட்டு எழுதி, துறைத் தலைவர் கையெழுத்தும் சீலும் வாங்கி, ஒரு காப்பி அம்மாகிட்ட குடுத்துட்டுப் போ. இது இல்லாட்டி போகாத. இதை மட்டும் நான் உறுதியா சொல்லுவேன்.

சந்தோசமா இருப்பியான்னு அம்மா கேட்டாகல்ல. ஜனவரி ஃபிப்ரவரில இருக்க மாட்ட. கச்சத்தீவு திருவிழாவுக்கு வீட்டுல எல்லாரும் படகேறுற போட்டோ வந்தப்ப நான் போனைக் கவுத்து வச்சிட்டேன். ஏப்ரல்ல இருப்ப. மே மாசம் ராத்திரியே கிடையாது, ஜன்னல்ல போர்வையைக் குத்தி வச்சுத்தான் தூங்கணும், அதுவும் பரீட்சை நேரம். அப்படித்தான் அம்மாகிட்ட சொல்லு, மறைக்காத.


தொண்டி தம்பி:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் ஜெர்மனில ப்ரேமன்ல ஒரு செமஸ்டர் இருந்தேன், நான் வேற ஒண்ணு சொல்லணும், அது உங்க அண்ணனைப் பத்தி.

என்னை அனுப்புனது எங்க அண்ணன், சவுதில ஏசி மெக்கானிக். அங்க ப்ளாக்டு அக்கவுண்ட்னு ஒண்ணு, மொத்தக் காசையும் முன்னாடியே கட்டணும், மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம். அவன் அவ்வளவையும் கட்டுனான், எவ்வளவு கடன் வாங்குனான்னு என்கிட்ட சொல்லவே இல்ல. நான் அங்க போய் கிளாஸ் பிள்ளைக காபி குடிக்கக் கூப்பிட்டா மூணு யூரோவை ரூபாயா மாத்தி, அதை அண்ணன் வெயில்ல எத்தனை மணி நேரம் நின்னா சம்பாதிப்பான்னு கணக்குப் போட்டு, வரலன்னு சொல்லிருவேன். அஞ்சு மாசமும் அப்படித்தான். ஃப்ரெண்ட்ஸ் ஹாம்பர்க் போனாங்க, ரயில் டிக்கெட் நம்ம செமஸ்டர் டிக்கெட்டுக்குள்ளயே வரும்னு சொன்னாங்க, அப்பவும் நான் போகல, ஏன்னா அங்க போனா சாப்பிடணும். வார்டன் மாதிரி என் மேல நானே உக்காந்திருந்தேன். ஊருக்கு வந்து அண்ணன்கிட்ட சொன்னா அவன் அழுதுட்டான், நான் அனுப்புனது நீ அனுபவிக்கத்தானேடான்னு. அப்பதான் தெரிஞ்சுச்சு அவன் வாங்குன கடன் நான் பயந்ததுல பாதிதான்.

அதனால போறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட உக்காந்து பேசுங்க, எம்புட்டு கையில இருந்து, எம்புட்டு கடன், நீங்க எப்ப எப்படித் திருப்பணும்னு. பாத்துக்குறேன்ங்கிற வார்த்தையை வாங்கிட்டு ஏறாதீங்க. தொகை தெரிஞ்சா பாரம் கொறையும், எனக்கு தெரியாததுதான் பாரம்.


பாசிக்காரி மகள்:

அக்கா, தம்பி, காக்கா மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா எழுதுனதை அம்மாவுக்கு முழுசா படிச்சுக் காமிச்சேன், காதுக்கல்லு வர்ற எடத்துல சிரிச்சாக, தோடு வர்ற எடத்துல காதைத் தொட்டுப் பாத்துக்கிட்டாக.

அண்ணன்கிட்ட நேத்து ராத்திரி பேசுனேன். கையில இருந்து ரெண்டரை லட்சம், ரூம்மேட்ஸ்கிட்ட ஒன்றரை, மிச்சத்துக்கு அவனுக்கும் வழி தெரியல, அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்திருக்கான். அம்மா பேர்ல குழுக்கடன் எடுக்கலாமான்னு பாக்குறோம். உதவித்தொகை எம்புட்டு எப்ப வரும்னு எழுத்துல குடுங்கன்னு இன்னைக்கு மெயில் போட்டுட்டேன்.

அக்கா ஒரு கேள்வி, அங்க பாசியைப் பத்தி ஏதாவது பாடம் இருக்கா? எனக்கு மீனை விட அதுலதான் ஆசை. அம்மா விரல்ல துணி சுத்திக்கிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு மூழ்கி எடுக்குற மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எங்க போகுது, யாரு விலை வைக்கிறாங்கன்னு இதுவரைக்கும் எனக்கு முழுசா தெரியாது.


தெக்குக்கடல்:

இருக்குடா. கடல்பாசி பத்தி தனிப் பாடம் உன் செமஸ்டர்ல வருதான்னு அவங்க கேட்டலாக்ல பாத்து இப்பவே மெயில் போட்டுக் கேளு, ரெண்டு மூணு நாள்ல பதில் போட்டுருவாங்க, அந்த விஷயத்துல நல்லவங்க.

உனக்கு நான் ஒரு நூல் நுனி எடுத்துக் குடுக்குறேன், பிடிச்சுக்க. நம்ம கட்டக்கோரைல இருந்து ஆல்ஜினேட்னு ஒரு பசை எடுக்குறாங்கல்ல, நார்வேல மேற்குக் கரைல பெரிய பெரிய பழுப்புப் பாசிக் காடு இருக்கு, அதுல இருந்தும் எடுக்குறது அதேதான். ஆனா அங்க யாரும் மூழ்குறது இல்ல, படகுல பெரிய சீப்பு மாதிரி ஒண்ணைக் கட்டி இழுத்து எடுக்குறாங்க. கரையைக் கட்டம் கட்டமா பிரிச்சு வச்சிருக்காங்க, ஒரு கட்டத்துல ஒரு வருஷம் எடுத்தா அப்புறம் நாலு வருஷம் அதைத் தொடக்கூடாது, அஞ்சாவது வருஷம்தான் திரும்ப. உங்க அம்மாவும் கூடப் போறவங்களும் பன்னெண்டு நாள்னு தங்களுக்குள்ளயே கட்டுப்பாடு வச்சு எடுக்குறாங்க, கையால எடுக்குறாங்க, வேரை விட்டுட்டு எடுக்குறாங்க. இது ரெண்டையும் பக்கத்துல வச்சு நீ ஒரு பேப்பர் எழுது. அங்க உள்ள வாத்தியாருக்கு உன்னை மாதிரி சொல்ல ஆள் கிடைக்காது. எனக்கு கிளாஸ்ல வாயைத் திறக்க ஒன்றரை மாசம் ஆச்சு, நீ முதல் வாரமே சொல்லு, நான் பாசி எடுக்குற வீட்டுப் பிள்ளைன்னு.

புளி அரைக் கிலோ, மல்லித்தூள், பெரிய சீரகம் கொண்டு போ. அரிசி அங்க கிடைக்கும். ஞாயித்துக்கிழமை கடை பெரும்பாலும் பூட்டிருவாங்க, சனிக்கிழமையே வாங்கி வச்சுக்க. புது கோட்டு சென்னைல வாங்காத, அங்க பழைய துணிக் கடைல நல்லதே கிடைக்கும், என்னோடது ஒண்ணு பெட்டில சும்மா கெடக்கு, உயரம் சரியா இருந்தா வந்து எடுத்துக்க, பாம்பன்ல இறங்கி போன் பண்ணு.


பாசிக்காரி மகள்:

அக்கா கோட்டுக்கு கண்டிப்பா வர்றேன், இந்த ஞாயித்துக்கிழமை பூசைக்கப்புறம் நீங்க வீட்டுல இருப்பீங்களா?

துறைல கேட்டேன். மூணு பாடத்துல ரெண்டுக்கு சரின்னு எழுதித் தர்றோம்னாங்க, மூணாவதுக்கு போர்டு கூடணுமாம், 27ஆம் தேதி கூடுது. அது வந்தப்புறம்தான் ஆமான்னு மெயில் போடுவேன், அதுவரைக்கும் போட மாட்டேன்னு அம்மாவுக்கு சத்தியம் பண்ணிருக்கேன்.

நார்வேல ஒரு எடத்துல பாசி எடுத்தா நாலு வருஷம் தொட மாட்டாகளாம்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா முறத்துல இருந்த பாசில கல்லுப் பொறுக்கிக்கிட்டே கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் கேட்டாக, "அப்ப அந்த நாலு வருஷம் அந்தப் பொம்பளைக எங்கிட்டுப் போவாக?"